பனி என்னும் ஒரு சொல்

மதுரை மாநகரின் தென்பகுதியில் உள்ளது வில்லாபுரம். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும், கடைகளும், வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் நெருங்கிய பகுதி அது. அவனியாபுரத்திற்கும் விமான நிலையத்திற்கும் செல்லும் வண்டிகள் அதன் சாலையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கு வாழும் மக்கள் வெயிலோடு பிறந்து வெயிலோடு வளர்ந்தவர்கள். சித்திரைத் திங்களில் தார்ச்சாலை இளகிக் காலணியில் ஒட்டுவதும், உச்சிப்பொழுதில் வண்டியின் கதவைத் தொட்ட கை சுடுவதும் அவர்களுக்குப் புதியன அல்ல.

அவர்கள் பனியையும் அறிவார்கள். மார்கழி விடியலில் கோலமிடும் பெண்களின் தோளில் விழும் பனி அது. வாயிலில் நிற்கும் மோட்டார் வண்டியின் கண்ணாடியில் முத்து முத்தாய்ப் படர்ந்திருக்கும். ஓட்டுநர் ஒரு துணியை எடுத்து ஒருமுறை துடைப்பார், கண்ணாடி தெளிந்துவிடும், வண்டி புறப்பட்டுவிடும். 'தைப்பனி தரையைத் துளைக்கும். மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று முன்னோர் கூறியது உண்டு. ஆயினும், தரையையும் மச்சையும் துளைக்கும் அந்தப் பனி, வண்டிச் சக்கரத்தை ஒருபோதும் தடுத்து நிறுத்தியதில்லை.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் வேறொரு பனியைக் காண்பர். அது வெண்புகை போல் வந்து பாதையை மறைக்கும். முன்விளக்கை ஏற்றிக்கொண்டு, வளைவுதோறும் ஒலி எழுப்பி, மெல்லச் சென்றால் அதனைக் கடந்துவிடலாம். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் அம்மலையின் புல்வெளிகளில் உறைபனியும் வெண்மையாகப் படிந்திருக்கும். கதிரவன் எழுந்து சிறிது நேரத்திற்குள் அது நீராகி மறைந்துவிடும். அதனைக் கண்டு மகிழ்ந்து திரும்புவோர், பனியின் இயல்பை முற்றும் அறிந்துவிட்டதாக எண்ணுவது இயற்கையே.

இங்கேதான் மொழி மனிதனுக்கு ஒரு சிறு வலையை விரிக்கிறது. புல் நுனியில் துளிர்க்கும் நீரும் பனி. மலைவளைவை மறைக்கும் புகைப்படலமும் பனி. விடியலில் வெண்மையாய்ப் படிவதும் பனி. இமயத்தில் இடுப்பளவு குவிந்து, பாறையென இறுகி, ஊர்களையே பல நாள் பிரித்து வைப்பதும் பனி. தமிழர் நிலத்தை ஐந்திணையாக வகுத்தனர். பெரும்பொழுதுகளில் முன்பனிக்கும் பின்பனிக்கும் இடம் தந்தனர். ஆனால், பனி மூடிய நிலத்துக்கென ஒரு திணையை அவர்கள் வகுக்கவில்லை. வகுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆதலின், வடக்கே செல்லும் தென்னாட்டார் தாம் அறிந்த சொல்லைக் கொண்டு தாம் அறியாத பொருளை அளக்கின்றனர். அளவு பிழைபடும்போது, அதன் விலை சில நேரங்களில் உயிராகவும் இருக்கிறது.

வில்லாபுரத்திற்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், மதுரை நகரைச் சுற்றிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை 44 செல்கிறது. தெற்கே கன்னியாகுமரியில் கடலைத் தொடும் அச்சாலை, வடக்கே ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் நீண்டு, காஷ்மீரத்துச் சிறீநகரை அடைகிறது. அங்கிருந்து பிரியும் மற்றொரு சாலை சோஜிலா என்னும் கணவாயைக் கடந்து லடாக்கு நாட்டுக்குச் செல்கிறது. கடல்மட்டத்திலிருந்து மதுரையின் உயரம் சற்றேறக்குறைய 100 மீட்டர் முதல் 135 மீட்டர் வரை. சோஜிலாவின் உயரமோ 3,528 மீட்டர். முற்காலத்தில் ஒருவர் வடதிசைப் பயணம் மேற்கொண்டால், திங்கள் கணக்கில் நடந்து, குளிரைச் சிறிது சிறிதாக உணர்ந்து, உடையும் உணவும் மாற்றிக்கொண்டே சென்றார். இன்று ஒரே வண்டியில் அமர்ந்து சில நாட்களில் அங்கே சென்றுவிடலாம். விமானத்தில் சென்று, வாடகை மோட்டாரை எடுத்துக்கொண்டு, அன்று மாலையே பனிமலை ஏறுவோரும் உளர். கால் பழகுவதற்கு முன் வண்டி சென்றுவிடுகிறது. வண்டி சென்ற இடத்திற்கு அறிவு இன்னும் வந்து சேரவில்லை.

மதுரை ஓட்டுநரின் திறமை குறைந்ததன்று. மாசி வீதிகளின் நெருக்கடியில், தள்ளுவண்டிக்கும் மாட்டுக்கும் மக்கள் கூட்டத்துக்கும் இடையே ஒருவர் மேலும் படாமல் வண்டி செலுத்துவது எளிய செயலா? சித்திரைத் திருவிழா நாளில் அவ்வூரில் வண்டி ஓட்டியவர், உலகின் எந்த நகரத்திலும் ஓட்டலாம். ஆனால் அத்திறமைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்கிறது. டயரின் ரப்பர், உலர்ந்த தார்ச்சாலையை இறுகப் பற்றிக்கொள்ளும் உராய்வே அத்துணை. ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார், வண்டி நிற்கிறது. நிறுத்தியது தம் கால் என்று அவர் எண்ணுகிறார். உண்மையில் நிறுத்தியது சாலையே.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை எண்ணிப் பாருங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை முழுதும் அழுத்தினால், அது சுமார் 9 மீட்டருக்குள் நின்றுவிடும். அதே வண்டி, மிதிபட்டு இறுகிய பனியின்மேல் நிற்பதற்குச் சுமார் 30 மீட்டர் வேண்டும். வழுக்கும் பனிக்கட்டியின்மேலோ 60 மீட்டருக்கு மேலும் ஓடும். இவை சமதரைக்குரிய கணக்குகள். மலைப்பாதை சமதரையாக இருப்பதில்லை. பத்தடி செல்வதற்குள் ஓரடி இறங்கும் சரிவில் பனிக்கட்டி படிந்திருந்தால், பிரேக் பிடித்த வண்டியும் நில்லாது வழுக்கிக்கொண்டே இறங்கும். அவ்வேளையில் ஓட்டுநரின் இருபதாண்டுப் பழக்கமும் அவருக்குக் கைகொடாது.

பனிக்கட்டியில் மிகவும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத வகையாகும். பகலில் உருகிய நீர் மாலையில் மீண்டும் உறைந்து, சாலையின்மேல் மெல்லிய கண்ணாடித் தகடு போல் படிகிறது. அதனூடே கருமையான தார் தெரிவதால், சாலை வெறும் ஈரமாக இருக்கிறது என்றே காண்பவர் நினைப்பார். வெயில் படாத வளைவுகளிலும், கீழும் மேலும் குளிர்காற்று வீசும் பாலங்களிலும் அது முதலில் உருவாகிறது. கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியைவிட, உருகும் நிலைக்கு அருகில் இருக்கும் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். ஆகவே, 'இன்று குளிர் சற்றுத் தணிந்திருக்கிறது. அஞ்ச வேண்டுவதில்லை' என்று நினைப்பதும் பிழையாகலாம்.

சாலையைப் போலவே வண்டியும் குளிரில் தன் குணம் மாறுகிறது. நம் ஊரில் ரேடியேட்டரில் நீர் குறைந்தால், அருகிலுள்ள குழாயிலிருந்து பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடுவாரும் உண்டு. கொதிப்பைத் தணிப்பது ஒன்றே இங்குள்ள கவலை. பனிநாட்டில் அந்நீர் இரவில் உறைந்துவிடும். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. அவ்வாறு பருக்கும் நீர் இரும்பாலான எஞ்சினையும் பிளக்க வல்லது. எத்திலின் கிளைக்கால் என்னும் உறைதடுப்பு நீர்மத்தைச் சரிபாதியாகக் கலந்தால், சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 37 பாகை வரையில் அது உறைவதில்லை. டீசல் எண்ணெயும் கடுங்குளிரில் மெழுகு கட்டிக் குழாயை அடைத்துவிடும். லடாக்குப் பகுதிக்கென, சுழியத்துக்குக் கீழே 33 பாகையிலும் ஓடும் தன்மை இழக்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. வெப்பநாட்டுக்கெனச் செய்த டயரின் ரப்பர் குளிரில் விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. மின்கலமும் சோர்ந்து, காலையில் எஞ்சினை எழுப்ப மறுக்கிறது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இரவு முழுதும் நிறுத்திய வண்டியில், ஈரமான பிரேக் உறைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. உறைந்த முகப்புக் கண்ணாடியில் வெந்நீரை ஊற்றினால் கண்ணாடி வெடித்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மாற்று வழிகளை மனிதன் கண்டிருக்கிறான். மென்மை மாறாத குளிர்கால டயர்கள் உள்ளன. டயரின்மேல் பூட்டிப் பனியைக் கவ்வச் செய்யும் இரும்புச் சங்கிலிகள் உள்ளன. பனியை அள்ள மண்வாரியும், போர்த்திக்கொள்ளக் கம்பளியும், இரண்டொரு நாளுக்கு வேண்டிய உணவும் நீரும் வண்டியில் இருத்தல் பனிநாட்டு வழக்கம். இவ்வளவும் இருந்தும், பலர் வெறுங்கையோடு மலையேறுகின்றனர். 'ஒருநாள் பயணத்திற்கு இவ்வளவு செலவா?' என்பது அவர்கள் கூறும் காரணம். 'எங்களது நான்கு சக்கரமும் இயங்கும் ஜீப்பு. எங்கும் ஏறும்' என்பது மற்றொரு காரணம். நான்கு சக்கரமும் இயங்குவது, வண்டி புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் துணை செய்யும். நிற்பதற்கு அது துணை செய்யாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பாகிஸ்தானின் மரீ என்னும் மலைநகரில் நிகழ்ந்த துன்பம் உலகை உலுக்கியது. பனிப்பொழிவைக் கண்டு களிப்பதற்காக ஆயிரக்கணக்கான வண்டிகள் அம்மலைக்குச் சென்றன. எதிர்பாராத அளவில் பனி கொட்டியது. மரங்கள் விழுந்தன, பாதைகள் அடைபட்டன, முன்னும் செல்ல இயலாமல், பின்னும் திரும்ப இயலாமல் வண்டிகள் இரவெல்லாம் பனிக்குள் நின்றன. விடிந்தபோது, குழந்தைகள் உட்படக் குறைந்தது 22 பேர் உயிரிழந்திருந்தனர். அவர்களுள் பலர் தம் வண்டிகளுக்குள் அமர்ந்தவாறே இறந்து கிடந்தனர்.

குளிர் மட்டுமே அவர்களைக் கொல்லவில்லை. குளிருக்கு அஞ்சி எஞ்சினை ஓடவிட்டுக் கதவுகளை மூடிக்கொண்டனர். பனி உயர்ந்து புகைக்குழாயின் வாயை அடைத்தது. வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று வண்டிக்குள் புகுந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதனைச் சுவாசிப்பவருக்கு முதலில் தலை கனக்கும். பிறகு உறக்கம் வரும். பயணத்தின் களைப்பு என்று எண்ணிக் கண்ணை மூடியவர் மீண்டும் விழிப்பதில்லை. புகைக்குழாயைச் சுற்றிலும் பனியை அடிக்கடி அகற்றி, எஞ்சினைச் சிறிது நேரம் மட்டும் ஓடவிட்டு, சன்னலைச் சற்றே திறந்து வைக்க வேண்டும் என்னும் சிறு செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தால், சில உயிர்களாவது பிழைத்திருக்கும்.

நம் நாட்டிலும் இத்தகைய இடர் நேராமல் இல்லை. 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அப்பால், சோலாங்குப் பள்ளத்தாக்குக்கும் அடல் சுரங்கப் பாதைக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் பனியில் சிக்கிக்கொண்டன. காவலர்கள் இரவிலும் உழைத்துப் பயணிகளை மீட்டனர். தன் வண்டியை மட்டுமே இடருக்கு உள்ளாக்குவதாக ஒருவர் நினைக்கலாம். ஆனால், வழுக்கி நின்ற ஒரு வண்டி பின்வரும் நூறு வண்டிகளை நிறுத்திவிடுகிறது. பனி அகற்றும் பொறியையும் மருத்துவ ஊர்தியையும் தடுத்துவிடுகிறது. மீட்க வருவோரின் உயிரையும் அது பணயம் வைக்கிறது.

அப்படியானால், வெப்பநாட்டில் பிறந்தோர் பனிமலைக்கு ஆகாதவர்களா? சோஜிலாக் கணவாயின் வரலாறு இதற்கு மறுமொழி கூறுகிறது.

1948-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அக்கணவாய் பகைவர் கையில் இருந்தது. லடாக்கின் தலைநகரான லேவுக்குச் செல்லும் தரைவழி அதனால் அடைபட்டிருந்தது. செப்டம்பர்த் திங்களில் இந்தியப் படையினர் மேற்கொண்ட தாக்குதல்கள் பயனளிக்கவில்லை. மேஜர் ஜெனரல் திம்மையா, கணவாய்க்கு டாங்கிகளைக் கொண்டுசெல்வது என்று துணிந்தார். ஏறத்தாழ 15 டன் எடையுள்ள டாங்கிகள் அத்தகைய உயரத்தில் அதுவரை போரிட்டதில்லை. பால்தால் என்னும் இடத்திலிருந்து கணவாய்க்கு ஏறிச் சென்றது கோவேறு கழுதைகள் நடக்கும் ஒற்றையடித் தடமே.

அத்தடத்தைப் பாதையாக மாற்றும் பணி, மதராஸ் சாப்பர்ஸ் என்னும் தென்னாட்டுப் பொறியாளர் படைக்கு வந்தது. 1780-ஆம் ஆண்டில் தோன்றிய பழமையான படை அது. அதன் வீரர்களைத் 'தம்பி' என்று அன்போடு அழைப்பது இராணுவ மரபு. மேஜர் தங்கராஜுவின் தலைமையில் அத்தம்பிகள் பாறையை உடைத்தனர், தடத்தை அகலப்படுத்தினர், பகைவரின் குண்டுகளுக்கு இடையிலும் வேலையை நிறுத்தாமல் கணவாய் வரை வழி சமைத்தனர். டாங்கிகளின் மேற்கூண்டுகள் கழற்றப்பட்டு, அவை இன்னவை என்று பிறர் அறியாதவாறு சிறீநகர் வழியாகக் கொண்டுவரப்பட்டன. வானிலை இடம் தராமையால் தாக்குதல் தள்ளிவைக்கப்பட்டது. நவம்பர் 1-ஆம் நாள், பனி மூடிய அக்கணவாய்க்குள் டாங்கிகள் புகுந்தன. அங்கே அவற்றைப் பகைவர் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. கணவாய் மீட்கப்பட்டது. அம்மாதம் முடிவதற்குள் திராசும் கார்கிலும் மீட்கப்பட்டன.

இந்த வெற்றியில் வீரத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், நிகழ்ச்சிகளின் வரிசையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதலில் பாதை அமைந்தது. அடுத்து வண்டிகள் ஆயத்தமாயின. அதன்பின் ஏற்ற நாளுக்காகக் காத்திருந்தனர். இவை மூன்றும் முடிந்த பின்னரே துணிவு முன்னே சென்றது. நாட்டைக் காக்கும் போரிலேயே காத்திருத்தல் இழுக்காகவில்லை என்றால், பனியைப் பார்த்து மகிழச் செல்லும் ஒரு குடும்பத்திற்கு அது எப்படி இழுக்காகும்?

பனிமலையில் வண்டி செலுத்துவோர் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சில. புறப்படும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று காவலரிடமும், அவ்வூர் ஓட்டுநரிடமும் கேட்டறிதல் வேண்டும். சங்கிலியைப் பூட்டவும் கழற்றவும் சமவெளியிலேயே பழகிக்கொள்ள வேண்டும். விரல் விறைத்த பிறகு பழக இயலாது. முன்செல்லும் வண்டிக்குப் பன்மடங்கு இடைவெளி விட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல், தாழ்ந்த கியரில் எஞ்சினின் தடையைக் கொண்டு இறங்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் திருப்புவதும் மென்மையாக நடைபெற வேண்டும். வண்டியின் பின்புறம் ஒரு பக்கம் வழுக்கினால், அஞ்சி எதிர்ப்பக்கம் திருப்பாமல், வழுக்கும் பக்கமே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி நேராக்க வேண்டும். பனியில் அகப்பட்டுக்கொண்டால், வழி தெரியாமல் இறங்கி நடப்பதைவிட வண்டியோடு இருத்தலே பெரும்பாலும் நன்று. மீட்போர் கண்ணுக்கு வண்டி எளிதில் புலப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான முறை ஒன்று உண்டு. தக்க கருவிகள் இல்லையெனில், முதற்பனி சாலையில் படியும்போதே வண்டியைத் திருப்பிவிட வேண்டும். இதுவே கற்பதற்கு மிகவும் கடினமான பாடம். நெடுந்தொலைவு வந்துவிட்டோமே என்னும் ஏக்கமும், விடுமுறை முடிந்துவிடுமே என்னும் கவலையும், உடன் வந்தோர் நகைப்பார்களோ என்னும் கூச்சமும் ஓட்டுநரின் கையைப் பிடித்து இழுக்கும். பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை, முதியோர் ஆகியோரின் உயிர் தம் கையில் இருப்பதை எண்ணுபவர் அக்கூச்சத்தை வெல்வார்.

மலையில் பிறந்தவர்களும் பனியை இளமையிலேயே அறிந்துவிடுவதில்லை. பெரியோரிடம் கேட்டும், வழுக்கி விழுந்தும், சிறிது சிறிதாகவே அறிகின்றனர். வெயில்நாட்டினர் ஒரே நாளில் அவ்வறிவைப் பெற முடியாது. ஆனால், தமக்கு அது இல்லை என்பதை ஒரு நொடியில் உணர்ந்துகொள்ள முடியும். அவ்வுணர்வு உடையவர் அறிந்தோரைக் கேட்பார். கருவி இல்லாதபோது காத்திருப்பார். வழி மூடியபோது திரும்புவார். இவ்வாண்டு காணாத பனியை மறு ஆண்டு சென்று காணலாம். அதற்கு அவர் இருத்தல் வேண்டும்.